'வலிய காந்தமே' என்னும் ஏகாரம்: ஓர் அறிவியல் விளக்கத்தைத் திறனாய்தல்

இந்தப் பகுதியில் வழக்கமாக ஒரு சிறுகதையோ கவிதையோதான் திறனாய்வுக்கு வரும். இந்த முறை நான் எடுத்துக்கொண்டது ஒரு விளக்கம். நம் மாணவர்களின் கட்டுரைகளிலும் நாம் கொடுக்கும் மாதிரிக் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்ப வரும் ஒரு பத்தி அது: எம்ஆர்ஐ கருவி எப்படி வேலை செய்கிறது என்ற பத்தி. அறிவியல் ஆசிரியர் பார்க்க வேண்டியதுதானே, தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இந்தப் பத்தியில் நான் கண்ட பிழை, எண்ணிலோ சூத்திரத்திலோ இல்லை. ஒரு வினைச்சொல்லிலும் ஓர் இடைச்சொல்லிலும் இருக்கிறது. அப்போ அது நம் வேலைதான்.

ஒரு சிவப்புக் கோடு

படிவம் 5 மாணவர் ஒருவர் 'மருத்துவத் துறையில் அறிவியலின் பங்கு' என்ற தலைப்பில் கருத்து விளக்கக் கட்டுரை எழுதினார். அதில் ஒரு வாக்கியம்: "இப்போது காந்தமே இல்லாமல் அணுக்கருக்களை ஆட்டிவைக்க முடிகிறது, அதனால்தான் எம்ஆர்ஐ கருவியை நோயாளியின் கட்டிலருகே தள்ளிக்கொண்டு போகிறார்கள்."

நான் சிவப்பு மையில் கோடு போட்டேன். ஓரத்தில் 'தவறான கருத்து. வலிய காந்தமே அணுக்கருக்களைக் கட்டுப்படுத்துகிறது' என்று எழுதினேன். கருத்துக்கான மதிப்பெண்ணில் இரண்டைக் குறைத்தேன். தாளைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் அவர் வந்து நின்றார். "டீச்சர், இது நானா எழுதினது இல்ல. படிச்சிட்டுத்தான் எழுதினேன்." குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாகப் போயிற்று. மதிப்பெண்களை அதற்குள் கணினியில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது.

பள்ளி விடுமுறையில் உட்கார்ந்து படித்தேன். இயற்பியல் ஆசிரியத் தோழி ஒருவரைக் கேட்டுக் கேட்டுத் தெளிவு செய்துகொண்டேன். முடிவில் தெரிந்தது இது: மாணவர் எழுதியது பாதி சரி. நான் ஓரத்தில் எழுதியதும் பாதிதான் சரி. ஆனால் இரண்டு மதிப்பெண் போனது அவருக்கு.

வழக்கமான விளக்கம்

நாம் எல்லாரும் எழுதவைக்கும் பத்தியின் சாரம் இது. நம் உடலில் நீர் நிறைந்திருக்கிறது. நீரில் ஹைட்ரஜன் இருக்கிறது. ஹைட்ரஜனின் அணுக்கரு ஒரு சின்னக் காந்தம்போல் நடந்துகொள்ளும். பம்பரம்போல் தன்னைத்தானே சுற்றும். அந்தப் பண்பைத் தற்சுழற்சி என்கிறோம். வலிய காந்தத்துக்குள் உடலை வைத்தால் இந்தச் சின்னக் காந்தங்கள் படைவீரர்போல் வரிசையாக நிற்கும். வானொலி அலையை அனுப்பினால் அவை சாயும். அலையை நிறுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பும்போது குறிகை தரும். கணினி அதைப் படமாக்கும். 'எனவே வலிய காந்தமே இன்றியமையாதது' என்று பத்தி முடியும்.

இந்தப் பத்தியை முழுசாகக் குப்பையில் போடச் சொல்லவில்லை. 1946-இல் ஃபெலிக்ஸ் புளோக்கும் எட்வர்ட் பர்செலும் தனித்தனியே அணுக்கருக் காந்த ஒத்ததிர்வைத் திரவத்திலும் திண்மத்திலும் காட்டினார்கள். 1952-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழியில் வளர்ந்த மருத்துவக் கருவிக்கு இந்தப் பத்தி ஓரளவு பொருந்தும். இன்றைக்கும் மருத்துவமனைகளில் பெரும்பாலும் 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா கருவிகள்தாம். நம் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பூமியின் காந்தப்புலம் சுமார் 42 மைக்ரோடெஸ்லா. 1.5 டெஸ்லா என்பது அதைப்போல் ஏறக்குறைய 35,000 மடங்கு. பெரிய காந்தம்தான், சந்தேகமில்லை.

பிரச்சினை, பத்தியின் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. 'காந்தமே' என்பதில் வரும் ஏகாரம் பிரிநிலை ஏகாரம்; மற்ற எல்லாவற்றையும் விலக்கிவிட்டு ஒன்றை மட்டும் நிறுத்துகிறது. 'இன்றியமையாதது' என்ற சொல்லையும் பிரித்துப் பாருங்கள்: இன்றி, அமையாது. அது இல்லாமல் நடக்கவே நடக்காது என்று பொருள். 'உதவுகிறது', 'பெரிதும் பயன்படுகிறது' என்று எழுத வேண்டிய இடத்தில் இந்தக் கனமான சொல்லைப் போடுகிறோம். தேர்வுக் கட்டுரையில் அழகாக இருக்கும் என்று நாமே சொல்லிக்கொடுத்த பழக்கம் அது.

ஒரு வினைச்சொல்லுக்குள் மூன்று வேலை

'வலிய காந்தம் அணுக்கருக்களைக் கட்டுப்படுத்துகிறது' என்கிறோமே, அந்தக் 'கட்டுப்படுத்துகிறது' என்ற வினைக்குள் என்னென்ன இருக்கிறது? நான் பிரித்துப் பார்த்தபோது மூன்று தனித்தனி வேலைகள் கிடைத்தன.

முதல் வேலை, ஒழுங்கு உண்டாக்குவது. எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் கிடக்கும் அணுக்கருக்களில் சிலவற்றையாவது ஒரு பக்கம் பார்க்கவைப்பது.

இரண்டாம் வேலை, அடையாளம் தருவது. 1.5 டெஸ்லாவில் ஹைட்ரஜன் கரு விநாடிக்கு ஏறத்தாழ 6 கோடியே 39 லட்சம் முறை தலையாட்டுகிறது. அதே புலத்தில் கார்பன்-13 கரு சுமார் 1 கோடியே 61 லட்சம் முறைதான். ஆட்டத்தின் வேகம் வேறு வேறாக இருப்பதால், யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்து பேசலாம்.

மூன்றாம் வேலை, கேட்கவைப்பது. ஆட்டம் வேகமாக இருந்தால், பக்கத்தில் சுற்றிவைத்த கம்பிச் சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தம் கூடும். குறிகை தெளிவாகக் கேட்கும்.

மூன்றுக்கும் பெரிய காந்தம் உதவுகிறது. ஆனால் இவை மூன்றும் ஒன்றல்ல. நம் பத்தி மூன்றையும் ஒரே வினையில் போட்டு மூடிவிடுகிறது. மூடிவிட்டதால், ஒவ்வொன்றையும் வேறு வழியில் செய்ய முடியுமா என்ற கேள்வியே மாணவருக்கு எழாமல் போகிறது. விளக்கம் கேள்வியை எழுப்ப வேண்டும், நம் பத்தி அதை அடைத்துவிடுகிறது. இதைத்தான் பெரிய குறையாகச் சொல்வேன்.

இன்னொன்றும் இருக்கிறது. கட்டளையிட்டுத் திருப்புவதைத்தான் 'கட்டுப்படுத்துதல்' என்று கொண்டால், மருத்துவமனைக் கருவியில்கூட அந்த வேலையைச் செய்வது பெரிய காந்தம் அல்ல! கருக்களைச் சாய்ப்பது வானொலி அலையின் காந்தப்புலம். அதன் அளவு பெரும்பாலும் 10, 20 மைக்ரோடெஸ்லாதான். நம் காலடியில் இருக்கும் பூமியின் புலத்தைவிடக் குறைவு. 15 மைக்ரோடெஸ்லா என்று வைத்துக்கொண்டால் அது 1.5 டெஸ்லாவில் லட்சத்தில் ஒரு பங்கு. அந்தச் சின்னப் புலம், விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில், ஹைட்ரஜன் கருவைக் கால் சுற்றுத் திருப்பிவிடுகிறது. நான் ஓரத்தில் எழுதிய வாக்கியம் இங்கேயே விழுந்துவிட்டது.

மூன்று உவமைகள்

இனி உவமைகளுக்கு வருவோம். அறிவியல் பத்தியில் உவமை வந்தால் நாம் 'நன்று' என்று போட்டுவிடுகிறோம். எதுவரை பொருந்துகிறது என்று பார்ப்பதில்லை.

படைவீரர் அணிவகுப்பு: திங்கட்கிழமை சபைகூடலை நினைத்துக்கொண்டு எழுதியது போலிருக்கிறது. உண்மையில், அறை வெப்பத்தில் 1.5 டெஸ்லா புலத்தில், பத்து லட்சம் ஹைட்ரஜன் கருக்களில் ஒரு பக்கம் கூடுதலாக இருப்பவை சுமார் ஐந்துதான். மிச்சம் எல்லாம் ஒன்றையொன்று சமன்செய்துவிடும். இதைப் போய் அணிவகுப்பு என்று சொல்லலாமா? அந்த ஐந்தை வைத்துத்தான் படம் எடுக்கிறார்கள் என்பது வியப்பான செய்தி. நம் உவமை அந்த வியப்பையும் மறைத்துவிடுகிறது.

பம்பரம்: இது நல்ல உவமை. சாய்ந்த பம்பரம் புவியீர்ப்பால் தலையைச் சுற்றுவதுபோல, கரு காந்தப்புலத்தால் தலையைச் சுற்றும். இங்கே காந்தப்புலம் ஈர்ப்பின் இடத்தில் நிற்கிறது. ஆனால் ஈர்ப்பே இல்லாத இடத்தில் பம்பரத்தை விட்டால்? தலையாட்டம் நின்றுவிடும். அந்த இடத்தில் உவமை ஒன்றும் சொல்லாது. கருவோ வேறொன்று செய்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஊஞ்சல்: ஒத்ததிர்வுக்கு இதைச் சொல்வோம். சரியான நேரத்தில் சின்னதாகத் தள்ளினால் ஊஞ்சல் பெரிதாக ஆடும். மூன்றில் இதுதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் தள்ளும் கை சின்னது என்ற உண்மை இதில் இருக்கிறது. பெரிய காந்தம் ஊஞ்சலின் தாளத்தைத் தீர்மானிக்கிறது. தள்ளுவது சின்னப் புலம். ஆனால் புலத்தைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தால் தாளமும் இல்லை. எந்தத் தாளத்துக்குத் தள்ளுவது?

புலம் சுழியமானால்

இங்கேதான் மாணவர் படித்த விஷயம் வருகிறது. 1983-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் அலெக்சாண்டர் பைன்ஸ் குழுவினர் சுழியப் புலத்தில் ஒத்ததிர்வை ஆராய்ந்து வெளியிட்டார்கள். மாதிரிப் பொருளைப் பெரிய காந்தத்தில் வைத்து ஒழுங்காக்கினார்கள். பிறகு புலம் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய்க் கருக்களைத் தம் போக்கில் விட்டார்கள். மறுபடி பெரிய காந்தத்துக்குக் கொண்டுவந்து கேட்டார்கள். அதாவது நடுவில் மட்டும்தான் காந்தம் இல்லை. முன்னும் பின்னும் இருந்தது.

நடுவில் என்னதான் நடக்கிறது? ஃபார்மிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். நம்மவர்களுக்குத் தெரிந்த பொருள்தான். தோட்டத்தில் ரப்பர் பாலை உறையவைக்க ஊற்றுவார்களே, அந்த அமிலம். அதில் ஒரு கார்பனும் அதனோடு நேராகப் பிணைந்த ஒரு ஹைட்ரஜனும் இருக்கின்றன. கார்பன் என்றால் கார்பன்-13 வகையாக இருக்க வேண்டும். இயற்கையில் நூற்றில் ஒன்றுதான் அந்த வகை. அதனால் அதை மிகுதியாகச் சேர்த்துத் தயாரித்த அமிலத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

பெரிய காந்தத்துக்குள் இந்த இரண்டு கருக்களும் தத்தம் வேகத்தில் காந்தத்தைச் சுற்றித் தலையாட்டிக்கொண்டிருக்கும். பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்கள் வழியாக இரண்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதை ஜே இணைப்பு என்பார்கள். கோடிக்கணக்கான ஆட்டங்களுக்கு நடுவே அது ஒரு சின்னத் திருத்தம் மட்டுமே. வெளிப்புலத்தை எடுத்துவிட்டால், இருப்பது இந்தத் தொடர்பு ஒன்றுதான். அது வெளியிலிருந்து வருவதில்லை, மூலக்கூறுக்குள்ளேயே இருக்கிறது.

காந்தத்திலிருந்து வெளியே வந்தபோது ஹைட்ரஜனிடம் ஒழுங்கு அதிகம், கார்பனிடம் குறைவு. இப்போது இரண்டும் அதை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளத் தொடங்குகின்றன. கொடுக்கும், வாங்கும், மறுபடி கொடுக்கும். ஃபார்மிக் அமிலத்தில் இந்தக் கொடுக்கல் வாங்கல் விநாடிக்குச் சுமார் 222 முறை நடக்கிறது. ஹைட்ரஜன் கருவின் காந்தத் திறன் கார்பன்-13 கருவினுடையதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆகவே ஒழுங்கு கைமாறும்போதெல்லாம் மூலக்கூறின் மொத்தக் காந்தம் கூடிக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை அளக்கலாம்.

இரண்டும் ஒரே திறன் கொண்டவையாக இருந்தால்? எத்தனை முறை கைமாறினாலும் மொத்தம் மாறாது. வெளியே ஒன்றும் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

கட்டளை எப்படிப் போகிறது

சரி, தாளமே இல்லாத இடத்தில் ஹைட்ரஜனை விட்டுவிட்டுக் கார்பனை மட்டும் திருப்ப வேண்டும் என்றால் எப்படி? பெரிய காந்தத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி அதிர்வெண் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் கூப்பிடலாம். இங்கே பெயர் இல்லை. எல்லாருக்கும் பொதுவாகத்தான் சொல்ல முடியும்.

இதற்குக் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. திடலில் இரண்டு பிள்ளைகள் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். விசில் அடித்தால் இருவரும் வட்டப்பாதையில் ஓட வேண்டும். ஒருத்தி மற்றவனைப்போல் நான்கு மடங்கு வேகம். அவள் சரியாக இரண்டு முழுச் சுற்று முடித்துப் புறப்பட்ட கோட்டுக்கு வரும்போது விசிலை நிறுத்துகிறோம். அப்போது அவன் எங்கே இருப்பான்? அரைச் சுற்று முடித்து எதிர்ப்பக்கம் நிற்பான். கட்டளை இருவருக்கும் ஒன்றுதான். விளைவு அவனுக்கு மட்டும்.

அதுபோல, ஓடிவரும் அலைக்குப் பதிலாக ஒரே திசையில் நிற்கும் சிறு புலத்தை ஒரு நொடிப்பொழுது போட்டு நிறுத்துகிறார்கள். ஹைட்ரஜன் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி இருந்த இடத்துக்கே வந்துவிடும். கார்பன்-13 ஏறத்தாழ அரைச் சுற்றில் தலைகீழாக நிற்கும். திறன் விகிதம் சரியாக 4 அல்ல, 3.98, அதனால் ஒரு பாகைக்குச் சற்று அதிகமாகத் தப்பும். அதையும் சரிசெய்யப் பல துடிப்புகளைக் கோத்துப் போடும் முறைகள் உண்டு. எவ்வளவு புலம் வேண்டும்? ஒரு மில்லிடெஸ்லா போதும். அதாவது ஒன்றரை டெஸ்லாவில் ஆயிரத்தைந்நூறில் ஒரு பங்கு. எவ்வளவு நேரம்? 47 மைக்ரோவிநாடி. 222 முறைக் கொடுக்கல் வாங்கலில் ஒரு தடவைக்கு ஆகும் நேரம் 4.5 மில்லிவிநாடி. அது தொடங்குவதற்கு முன்பே கட்டளை முடிந்துவிடும்.

2018-இல் சீனாவின் ஹஃபேய் நகரிலுள்ள அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாரும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் பணியாற்றும் டிமிட்ரி பட்கரும் சேர்ந்து இந்த வகைக் கட்டுப்பாட்டை அளந்து வெளியிட்டார்கள். தனிக் கரு மீதான கட்டளைகள் 99 விழுக்காட்டுக்கும் மேல் துல்லியம். இரண்டு கருக்களையும் இணைத்த செயல் 98 விழுக்காட்டுக்கும் மேல். 'ஆட்டிவைக்க முடிகிறது' என்று மாணவர் எழுதினாரே, அந்தச் சொல் இங்கே முழுக்கப் பொருந்துகிறது.

மற்ற இரண்டு வேலைகளுக்கும் மாற்று வந்துவிட்டது. கேட்கவைக்கும் வேலைக்கு, ரூபிடியம் போன்ற தனிமத்தின் ஆவியை ஒரு சின்னக் கண்ணாடிக் கூட்டில் அடைத்து, லேசர் ஒளியால் அதன் அணுக்களைக் கவனிக்கும் காந்தமானி இருக்கிறது. கம்பிச் சுருள்போல் வேகமான ஆட்டத்துக்காக அது காத்திருப்பதில்லை. மெதுவான மாற்றத்தையும் பிடிக்கும்.

ஒழுங்கு உண்டாக்கும் வேலைக்கு பாராஹைட்ரஜன். ஹைட்ரஜன் வாயுவின் மூலக்கூறில் இரண்டு கருக்கள். அவை எதிரெதிராக இணைந்து மொத்தம் சுழியமாக இருந்தால் அது பாரா வகை. அறை வெப்பத்தில் கால் பங்குதான் இந்த வகை. வினையூக்கியோடு சேர்த்துப் பூச்சியத்துக்குக் கீழே 250 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்தால் கிட்டத்தட்ட முழுதும் பாரா ஆகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் காந்தமே தெரியாது. ஆனால் எல்லா மூலக்கூறும் ஒரே நிலையில் இருக்கின்றன; அதுவே பெரிய ஒழுங்கு. வேதிவினையால் அதை வேறொரு மூலக்கூறில் சேர்க்கும்போது அந்த ஒழுங்கு குறிகையாக வெளிப்படுகிறது. 2011-இல் பைன்ஸ், பட்கர் குழுவினர் இந்த வாயுவையும் ஆவிக் காந்தமானியையும் சேர்த்து, ஒழுங்குக்கும் சரி கேட்பதற்கும் சரி பெரிய காந்தம் இல்லாமலே ஒத்ததிர்வு நிறமாலையைப் பெற்றார்கள். வலிமை இருந்தால்தான் ஒழுங்கு வரும் என்று சொல்லும் நம் அணிவகுப்பு உவமைக்கு இதைவிட நல்ல மறுப்பு கிடையாது.

மாணவர் வாக்கியத்திலும் தப்பு இருக்கிறது

இத்தனையும் படித்ததும் 'மாணவர் சொன்னதே சரி' என்று எழுதி முடித்துவிட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் என் வாக்கியத்தை எந்த அளவுகோலால் அளந்தேனோ, அதே அளவுகோலால் அவர் வாக்கியத்தையும் அளக்க வேண்டும்.

முதலில், அவருடைய 'காந்தமே இல்லாமல்'. இதிலும் ஓர் ஏகாரம்! கட்டளையைக் கொண்டுபோவது காந்தப்புலத் துடிப்புதான். சிறியது, ஆனால் இருக்கிறது. 'வலிய காந்தப்புலம் இல்லாமல்' என்று எழுதியிருந்தால் சரி. அது மட்டுமல்ல, பூமியின் புலத்தை உள்ளே விடாமல் தடுக்க நிக்கல்-இரும்புக் கலவையால் பல அடுக்குக் கவசம் தேவை. 42,000 நானோடெஸ்லாவை ஒரு நானோடெஸ்லா அளவுக்கோ அதற்கும் கீழோ அடக்க வேண்டும். 'இல்லாமல்' என்று ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறோம். அந்த 'இல்லாமை'யை உண்டாக்க எவ்வளவு பாடு பாருங்கள்.

இரண்டாவது, 'அதனால்தான்' என்ற இணைப்புச் சொல். கட்டிலருகே தள்ளிப்போகும் கருவி உண்மைதான். ஹைப்பர்ஃபைன் நிறுவனத்தின் அத்தகைய கருவிக்கு 2020-இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. ஆனால் அதன் புலம் 0.064 டெஸ்லா. 1.5 டெஸ்லாவோடு ஒப்பிட்டால் சிறியது. பூமியின் புலத்தோடு ஒப்பிட்டால் ஆயிரத்தைந்நூறு மடங்கு. நிலைக்காந்தம் வைத்த கருவி அது. சுழியப் புல ஆய்வுக்கும் அதற்கும் காரண காரியத் தொடர்பு இல்லை. குறைந்த புலம் வேறு, சுழியப் புலம் வேறு. மாணவர் இரண்டையும் 'அதனால்தான்' போட்டு ஒட்டிவிட்டார்.

மூன்றாவது, நினைவில் வைக்கச் சொன்னேனே, அது. திறன் ஒத்த இரு கருக்கள் சுழியப் புலத்தில் மௌனமாக இருக்கும். நீர் மூலக்கூறில் இரண்டும் ஹைட்ரஜன். ஆகவே ஜே இணைப்பைக் கேட்கும் இந்த முறைக்கு நீர் பேசாது. உடலைப் படமெடுக்கும் எம்ஆர்ஐ பெரிதும் நீரின் குறிகையை நம்பியது. அதனால் 'நாளைக்கு மருத்துவமனையில் பெரிய காந்தங்கள் மறைந்துவிடும்' என்று இதிலிருந்து முடிவுக்கு வர முடியாது. வேதியியலார் பெரிதும் நம்பும் இரசாயனப் பெயர்ச்சி என்ற தகவலும் புலத்தோடு சேர்ந்து மறைந்துவிடும்.

அப்போ இதற்குப் பயன் எங்கே? விநாடிக்குச் சில நூறு முறை மட்டும் ஆடும் குறிகை உலோகத்தை ஊடுருவி வெளியே வரும். கோடிக்கணக்கில் ஆடும் வானொலிக் குறிகையை மெல்லிய உலோகச் சுவரே தடுத்துவிடும். ஆகவே உலோகக் கலனுக்குள் நடக்கும் வேதிவினையைத் திறக்காமலே கவனிக்கலாம். இன்னொரு நன்மையும் உண்டு. பெரிய காந்தத்தின் புலத்தை எல்லா இடத்திலும் ஒரே அளவாக வைத்திருப்பது கடினமான வேலை. சுழியம் எங்கும் சுழியம்தான். அதனால் கோடுகள் மெல்லியதாக, தெளிவாகக் கிடைக்கின்றன.

தேர்வெழுதும் மாணவர்களுக்கு

இந்தத் திறனாய்விலிருந்து உங்கள் கட்டுரைக்கு எடுத்துக்கொள்ளக்கூடியவை:

1. 'மட்டுமே', 'காந்தமே', 'இன்றியமையாதது', 'முற்றிலும்' ஆகிய சொற்களை எழுதும் முன், விலக்கப்பட்டவை எவை என்று ஒரு முறை யோசியுங்கள். பதில் தெரியாவிட்டால் ஏகாரத்தை எடுத்துவிடுங்கள். வாக்கியம் ஒன்றும் கெட்டுப்போகாது.

2. 'அதனால்தான்', 'எனவே' என்று இணைக்கும்போது, முதல் செய்தி இல்லாவிட்டால் இரண்டாவது நடந்திருக்காதா என்று கேளுங்கள். இரண்டும் ஒரே காலத்தில் நடந்தவை என்பது காரணம் ஆகாது.

3. உவமை எழுதினால், அது எங்கே நிற்கும் என்பதை அடுத்த வாக்கியத்தில் சொல்லுங்கள். 'பம்பரம்போல, ஆனால்...' என்று தொடரும் வாக்கியத்துக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

4. 'கட்டுப்படுத்துகிறது', 'பங்காற்றுகிறது' போன்ற பெரிய வினைகளைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே இரண்டு மூன்று செயல்கள் இருந்தால் தனித்தனி வாக்கியமாக்குங்கள். கருத்து விளக்கம் தானாக நீளும்.

வகுப்பறைப் பயிற்சி

கீழ்க்காணும் வாக்கியங்களை மாணவர்களிடம் கொடுத்து, இந்தக் கட்டுரையிலுள்ள செய்திகளைக்கொண்டு திருத்தச் சொல்லலாம். காரணத்தையும் ஒரு வரியில் எழுத வேண்டும்.

அ. வலிய காந்தத்துக்குள் எல்லா அணுக்கருக்களும் ஒரே திசையில் அணிவகுத்து நிற்கின்றன.
ஆ. அணுக்கருக்களைத் திருப்ப வலிய காந்தப்புலமே தேவை.
இ. சுழியப் புலத்தில் அணுக்கருக்கள் ஒன்றும் செய்யாமல் இருக்கும்.
ஈ. சுழியப் புல ஒத்ததிர்வு கண்டுபிடிக்கப்பட்டதால் எம்ஆர்ஐ கருவிகளுக்கு இனிக் காந்தம் தேவையில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். நமக்குத் தெரியாத துறையில் மாணவர் ஒரு செய்தியை எழுதினால் 'தவறான கருத்து' என்று உடனே போட வேண்டாம். 'எங்கே படித்தாய்?' என்று பென்சிலில் எழுதிவைத்து, மதிப்பெண்ணைக் கடைசியில் கூட்டுங்கள். கட்டுக்கட்டாகத் தாள் இருக்கும்போது இது கூடுதல் வேலைதான், தெரியும். நானும் அந்தக் கட்டின் நடுவில்தான் தப்புச் செய்தேன்.

விடுமுறை முடிந்ததும் அந்த மாணவரைக் கூப்பிட்டு, என் ஓரக் குறிப்பைக் கோடு போட்டு அடித்துக் காட்டினேன். அவருடைய 'அதனால்தான்' ஏன் தப்பு என்பதையும் சொன்னேன். இருவரும் சேர்ந்து வாக்கியத்தைத் திருத்தி எழுதினோம்: "வலிய காந்தப்புலம் இல்லாமலும் அணுக்கருக்களைச் சிறு துடிப்புகளால் ஆட்டிவைக்க முடியும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன, இது உடலைப் படமெடுக்கும் முறைக்கு மாற்று அல்ல." எழுதிவிட்டு அவர் கேட்டார்: "அந்த ரெண்டு மார்க் டீச்சர்?" ஒன்று உனக்கு, ஒன்று 'அதனால்தா'னுக்குப் போகட்டும் என்றேன். அந்த ஒன்றைச் சேர்ப்பதற்கு மதிப்பெண் திருத்தப் பாரத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன்.